ஃபாதர் கேட்ட பிராக்டிஸ்

1

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் புது மெஷினைப் பொருத்த வெளிநாட்டுக்காரர்கள் வந்தால், “ஆரோக்கியத்தக் கூப்பிடு” என்றுதான் சத்தம் வரும். கையில் கிரீஸோடு ஓடிப்போய் நின்று பேசுவேன். அந்தத் தெம்பில்தான் இங்கிலாந்தில் கவன்ட்ரி வேலைக்கே விண்ணப்பித்தேன். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். இப்படிப்பட்ட நான், ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, என் மகள் ஜெனியின் பள்ளிக்கூடத்துக்கு வேட்டு வைக்கப் பார்த்தேன்.

அகராதியில் தேட வேண்டிய வார்த்தையும் இல்லை அது. பிராக்டிஸ். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவரைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வார்.

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் இப்போது கேட்பது ஒன்றுதான்: “பாப்பாவுக்கு ஸ்கூல் என்னாச்சு?” ஆளுக்கொரு தடவை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்து முடித்துவிட்டேன்.

2

இந்த வார்த்தையோடு எங்கள் வீட்டில் முதலில் மோதியது நான் இல்லை, என் மனைவி ஸ்டெல்லா. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டுக்கே பொறுப்பான சிஸ்டராக இருந்தவள். டாக்டர்கள்கூட அவளிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். இங்கே வந்து, கேட்ட பரீட்சைகளையெல்லாம் எழுதிப் பாஸ் செய்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ‘பிராக்டிஸ் நர்ஸ்’ தேவை என்று ஒரு விளம்பரம் வந்தது. ஆசையாகப் போனில் கொண்டுபோய்க் காட்டினேன்.

“பிராக்டிஸ் நர்ஸா? நேத்து டிரெயினிங்குக்கு வந்த புள்ளைங்களுக்குக் குடுக்கற வேலை இது. நான் இனிமேதான் ஊசி போடப் பழகணுமா?” என்று போனை என் கையிலேயே திருப்பித் திணித்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

இந்த ஊரில் தெருமுனை டாக்டருடைய கிளினிக்குக்கே பிராக்டிஸ் என்றுதான் பெயர், அங்கே இருக்கிற நர்ஸ் பிராக்டிஸ் நர்ஸ், அது அனுபவம் உள்ளவர்களுக்கான வேலை என்று, அவளோடு பரீட்சை எழுதிய ஒரு கேரளப் பெண் சொன்ன பிறகுதான் மனம் இறங்கியது. இன்றுவரை அங்கேதான் வேலை. நான் சும்மா விடுவேனா? வீட்டில் எது நடந்தாலும், “பிராக்டிஸ் சிஸ்டர், கொஞ்சம் காபி கிடைக்குமா?” என்பேன். வருடக்கணக்காகக் கிண்டல் செய்தேன். அதற்குத்தான் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று ஸ்டெல்லா சொல்கிறாள்.

அடுத்தது எழுத்துப் பிரச்சினை. ஜெனியின் டீச்சருக்கு நான் இந்த வார்த்தையை எழுதி ஒரு குறிப்பு அனுப்பினால், ஜெனி அதை வாங்கிப் படித்துவிட்டு, “அப்பா, இது வினை. வினைக்கு எஸ் போட வேண்டும், பெயருக்கு சி போட வேண்டும்” என்பாள். அமெரிக்காக்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லையாம், இங்கிலாந்தில்தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘ஸ்’ தான், நிம்மதியான மொழி என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெனி பேசுவதாக இங்கே நான் எழுதுவதெல்லாம் அவள் இங்கிலீஷில் சொன்னது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சின்ன வயதில் மணிமணியாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஒவ்வொரு வார்த்தையாகக் கழற்றி வைத்துவிட்டாள். அது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று மழுப்ப மாட்டேன்.

3

ஓசூரில் இந்த வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. டாக்டர் ராயக்கோட்டையில் பிராக்டிஸ் பண்ணுவார். வக்கீல் கிருஷ்ணகிரி கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுவார். ஐ.டி.ஐ.யில் நாங்கள் இரும்புக் கட்டியை வைத்து ராவிக்கொண்டிருந்ததற்குப் பெயர் பிராக்டிஸ் பீஸ். கம்பெனிச் சுவரில் ‘பெஸ்ட் பிராக்டிஸ்’ என்று கலர் கலராகப் போர்டு தொங்கும், அதன் கீழேயே எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட்டில் புதிதாகச் சேர்ந்தவன் கண்ணைக் கசக்கினால், பக்கத்து மெஷின்காரர் கன்னடத்தில், “அப்யாச ஆகுத்தெ பிடு” என்பார். அவருக்கு அடுத்தவர் தெலுங்கில், “அலவாட்டு அவுதுந்தி” என்பார். நான் தமிழில், “பழகிடும் வுடு” என்பேன். மூன்றும் ஒன்றுதான். மூன்று பேர் சொன்ன பிறகும் தூக்கம் மட்டும் பழகாது.

ஆனால் எங்கள் மாதா கோவில் காம்பவுண்டுக்குள் நுழைந்துவிட்டால் பிராக்டிஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான். பாட்டு பிராக்டிஸ். “இன்னைக்கு பிராக்டிஸ் இருக்கா?” என்று யார் கேட்டாலும் கொயரை, பாடகர் குழுவைத்தான் கேட்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம், முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்ட கையோடு ஆரம்பிக்கும். நடத்துவது ரீட்டா அக்கா. வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பகல் முழுக்க பாகங்களை அளந்து ‘ரிஜெக்ட்’ பண்ணிவிட்டு வந்து, சாயங்காலம் எங்கள் குரல்களை ரிஜெக்ட் பண்ணுவார். கீழ்க்குரலில் பேஸ் பாடுகிற பையன்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். லேட்டானால், “அக்கா, ரோட்டுல யானை நின்னுக்கிச்சு” என்பார்கள். “போன வாரமும் யானைதான்டா நின்னுச்சு. அதுக்கும் பிராக்டிஸ் இருக்கோ?” என்பார் அக்கா.

நான் டெனர், ஆண்களில் மேல்குரல் பாடுகிறவன். பூசையில் காணிக்கை நேரத்துக்கென்று ரீட்டா அக்காவே மெட்டுப் போட்ட ஒரு பாட்டு உண்டு. ‘விளைந்ததைக் கொண்டு வந்தோம்’ என்று முடியும். பாட்டின் டியூன் முழுவதும் பெண்களுக்கு. நாலு வரி அவர்கள் பாட, நாங்கள் வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் தட்டிக் காத்திருக்க வேண்டும். கடைசியில், அவர்கள் ‘வந்தோம்’ என்று இறங்கும்போது, டெனர்கள் மேலே ஏறி ‘வந்தோம், வந்தோம், வந்தோம்’ என்று சேர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பங்கு.

“அக்கா, எங்களுக்கும் ஒரு முழு வரி குடுங்களேன்” என்று கேட்டதற்கு, “மொதல்ல வந்தோம்ல சுருதி சேர்ந்து நில்லுங்கடா. அப்பறம் வரி கேக்கலாம்” என்றார். கடைசிவரை வரி கிடைக்கவில்லை. ஆனால் அந்த ‘வந்தோம்’ என் உடம்பில் ஏறிவிட்டது. இன்றைக்கும் கார் ஓட்டும்போது என்னை அறியாமல் அதுதான் வரும். ஸ்டியரிங்கில் நாலு வரிக்குத் தட்டிக்கொண்டே மனதுக்குள் டியூனை ஓட்டுவேன், பிறகு சத்தமாக என் ‘வந்தோம்’. ஜெனியைப் பள்ளியில் விடப் போகும்போது, கேட் பக்கத்தில் வந்ததும் அவள் பொத்தானை அமுக்கிக் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். ஃபிரெண்ட்ஸ் காதில் விழக் கூடாதாம்.

4

இங்கே பதினொரு வயதில் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கு மாற வேண்டும். ஸ்டெல்லாவின் கிளினிக்குக்கு எதிரிலேயே ஒரு கத்தோலிக்கப் பள்ளி இருக்கிறது. ஜெனியின் உயிர்த்தோழியின் அக்கா அங்கே படிக்கிறாள், தோழியும் அங்கேதான் போகப் போகிறாள். ஜெனிக்கு அந்தப் பள்ளிதான் வேண்டும், வேறு பேச்சே இல்லை. கிடைக்காவிட்டால் இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளிதான். நானும் ஸ்டெல்லாவும் ஷிப்ட்டில் ஓடுகிறவர்கள், பிள்ளை இருட்டில் தனியாக பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

அந்தப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால், நாம் குடியிருக்கிற பங்கின், அதாவது அந்தப் பகுதிக் கோவிலின், சாமியார் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இங்கேதான் சிக்கல். ஞாயிறு காலையில் எனக்குப் பெரும்பாலும் ஷிப்ட். அதனால் நாங்கள் ஊரின் மறுபக்கத்தில், சாயங்காலப் பூசை வைக்கிற ஒரு கோவிலுக்குப் போவோம். அங்கே வாரம் ஒரு சாமியார் வருவார், யாருக்கும் எங்கள் முகம் தெரியாது. எங்கள் சொந்தப் பங்கின் ஃபாதர் கெவினுக்கோ எங்கள் பெயரே தெரியாது.

நான் விண்ணப்பத்தை அவர் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டொரு நாளில் போன் செய்தார். நான் பிரேக்கில் இருந்தேன், பின்னால் மெஷின் சத்தம். எங்கிருந்து வந்தீர்கள், ஞானஸ்நானம் எங்கே என்றெல்லாம் கேட்டார். டாண் டாண் என்று பதில் சொன்னேன். பிறகு கேட்டார்:

“ஆர் யூ பிராக்டிசிங்?”

ஒரு சாமியார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் எங்கள் கோவில்காரன் காதில் என்ன விழும்? எனக்கு மனசெல்லாம் பூரித்துவிட்டது. இந்த மனுஷனுக்கு நான் கொயர் என்று எப்படித் தெரிந்தது!

“இப்போது இல்லை ஃபாதர். ஊரில் இருந்தவரை சனிக்கிழமை தவறாமல் பிராக்டிஸ்தான். இந்த நாட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டேன்” என்றேன். கணீரென்ற இங்கிலீஷில்.

அவர் அடுத்த கேள்விக்குப் போனார். “உங்கள் மனைவி?”

“அவள் எப்போதுமே பிராக்டிஸ் பண்ணியதில்லை ஃபாதர். அதில் அவளுக்கு ஆர்வம் கிடையாது.”

“மகள்?”

“இந்தக் காலத்துப் பிள்ளைகள், ஃபாதர். உங்களுக்குத் தெரியாததா?”

“மறுபடியும் தொடங்க வேண்டும் என்று தோன்றியதே இல்லையா?” என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார். என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

“தோன்றும் ஃபாதர். ரிட்டயர் ஆன பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன்.”

எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார். வீட்டுக்கு வந்து, “அருமையான மனுஷன், பாட்டுல ஆசை உள்ளவரு” என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

அந்த வாரமே கடிதம் வந்தது. நீங்களே மனம் திறந்து சொன்னதற்கு நன்றி, இந்த நிலையில் என்னால் கையெழுத்திட முடியவில்லை, கோவில் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் என்று எழுதியிருந்தார். நான் இரண்டு தடவை படித்தேன். எதுவும் விளங்கவில்லை. ஜெனி வாங்கிப் படித்தாள்.

“அப்பா, அவர் என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

சொன்னேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பிராக்டிசிங் என்றால் கோவிலுக்குப் போகிறீர்களா என்று அர்த்தம். கடவுளை நம்பி நடக்கிறீர்களா என்று அர்த்தம். நாம் மூன்று பேரும் வேதத்தையே விட்டுவிட்டோம், ரிட்டயர் ஆன பிறகு யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்!”

ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “எனக்கு அதுல ஆர்வம் கெடையாதுன்னு வேற சொன்னீங்களா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த தடவ நீங்க வாயே தொறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன், பிராக்டிஸ் சிஸ்டர்” என்றாள்.

ஜெனி மாடிக்குப் போனாள். கதவைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு எனக்கு முதல் தடவையாக என் இங்கிலீஷ் மேல் வெறுப்பு வந்தது.

5

சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஃபாதர் கெவின் வீட்டுக்குப் போனோம். உயரமான ஐரிஷ்காரர். உட்கார வைத்து டீ கொடுத்தார். மூலையில் ஒரு பழைய பியானோ. ஸ்டெல்லா அழகாகத்தான் எடுத்துச் சொன்னாள். பிராக்டிஸ் என்றால் எங்கள் ஊரில் கொயர், இவர் அதைத்தான் நினைத்துவிட்டார், நாங்கள் வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள் என்று.

ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“ஸ்கூல் விண்ணப்ப மாதமான அக்டோபர் வந்தால் இந்தப் பங்கில் எல்லாருக்கும் பக்தி வந்துவிடுகிறது, அம்மா. போன வருடம் ஒருவர் தன் நாய்க்கு உடம்பு சரியில்லாததால்தான் பூசைக்கு வரவில்லை என்றார். கொயர் கதையை இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு எனக்கு மறந்துபோனது. “கதை இல்லை ஃபாதர். நான் டெனர்” என்றேன்.

“டெனரா? எங்கள் கொயரில் டெனரே இல்லை. எங்கே, பாடுங்கள் பார்ப்போம்.”

நான் எழுந்து நின்றேன். என்ன பாடுவது? வேறு எது வரும்? தொடையில் தட்ட ஆரம்பித்தேன். முதல் வரி மனதுக்குள் ஓடியது. அது பெண்களுடைய வரி. நான் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வரி. அதுவும் அவர்களுடையதுதான். ஃபாதர் என் முகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கடைசியில் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஒரு மனிதன் பாடுகிறேன் என்று எழுந்து வெறும் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றால் யார்தான் நம்புவார்கள்? எனக்கு வேர்த்தது. டியூனை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை, நடுவில் பாய்ந்து ‘வந்தோம்’ என்று கத்தினால் பைத்தியம் என்பார். ஃபாதர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவர் காத்துக்கொண்டிருக்கிறார், ஃபாதர்” என்றாள் ஜெனி.

“எதற்கு?”

“தெரியாது. இந்த இடத்தில் எப்போதும் காத்திருப்பார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.”

அவள் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தன. அதே தாளம். மூன்றாவது வரி போனது, நாலாவது வரி போனது. நான் மூச்சு இழுத்தேன். அவளும் இழுத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், “வந்தோம், வந்தோம், வந்தோம்” என்று சேர்ந்தோம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கடைசி ‘வந்தோ’மில் நான் எப்போதும் கொஞ்சம் இழுத்துவிடுவேன், ரீட்டா அக்காவிடம் அதற்காகவே திட்டு வாங்கியவன். அந்த இழுப்பும் ஜெனியிடம் அப்படியே இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியை ஏற்றி ஏற்றி வந்த பிள்ளை, உள்ளே உட்கார்ந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“திரும்பத் திரும்ப வருகிறதே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?” என்று ஃபாதர் அவளைக் கேட்டார். ஜெனிக்குத் தெரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஸ்கூலுக்காகப் பக்தியை நடிக்கலாம். டெனரை நடிக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ். ரிட்டயர்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்” என்றார்.

ஷிப்ட் இருக்கிறதே என்று நான் வாயெடுப்பதற்குள், “வருவார், ஃபாதர்” என்றாள் ஸ்டெல்லா.

6

மார்ச்சில் பள்ளியிலிருந்து இடம் கொடுத்துத் தகவல் வந்தது. ஜெனி வீடு முழுக்கக் குதித்தாள். நான் ரீட்டா அக்காவுக்குப் போன் போட்டு முழுக்கதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அக்காவுக்கு இருமலே வந்துவிட்டது.

“ஏன்டா ஆரோக்கியம், புள்ளைக்கு டியூனச் சொல்லித்தராம டெனர மட்டுமாடா சொல்லிக் குடுத்த? வெறும் வந்தோம் வந்தோம்னா அது என்னா பாட்டுன்னு நெனைக்கும்?”

“நான் எங்கே அக்கா சொல்லிக் குடுத்தேன்? அதுவா பழகிக்கிச்சு.”

போனை வைத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தொழில், வக்கீல் தொழில், பயிற்சி, வழக்கம், வேதத்தைக் கடைப்பிடிப்பது என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் திணித்து வைத்திருக்கிறான் இங்கிலீஷ்காரன் என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, நம்ம பழக்கம் மட்டும் என்ன குறைச்சல்? நைட் ஷிப்ட்டும் பழகுகிறது, மனுஷனோடும் பழகுகிறோம், கை வேலையும் பழகுகிறோம். யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளை பழகிக்கொள்வதும் அதே வார்த்தைதான். எனக்கு அதில் ஒரு பெருமை.

அக்கா சும்மா இருக்கவில்லை. டியூன் முழுவதையும் தானே பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பின்னணியில் கம்பெனி பஸ் ஹாரன் வேறு. மறுநாள் காலையில் ஜெனியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது காரில் போட்டேன். ஒரு வரி கேட்டதும் அவள் முகம் சுளித்தாள்.

“இது என்ன பாட்டு?”

“நம்ம பாட்டுதான்.”

“இல்லை அப்பா. இது நம்ம பாட்டு இல்ல” என்றாள். ‘நம்ம பாட்டு இல்ல’ என்பதைத் தமிழிலேயே சொன்னாள். அவளுக்குத் தெரியாமலே வாயில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை.

“கொஞ்சம் பொறு” என்றேன்.

ரீட்டா அக்கா பாடிக்கொண்டே போனார். நான் ஸ்டியரிங்கில் தட்டினேன். ஜெனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரியில் அவள் விரல் முழங்கையின் மேல் தட்ட ஆரம்பித்தது. நாலாவது வரி முடிந்து அக்கா ‘விளைந்ததைக் கொண்டு’ என்று இறங்கிய இடத்தில், என்னை முந்திக்கொண்டு, அவள் மேலே ஏறி, “வந்தோம்” என்றாள். அக்காவின் குரலுக்கு மேலே அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஜெனி சட்டென்று நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாள் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“இன்னொரு தடவை போடுங்க” என்றாள்.

பள்ளி கேட் வந்துவிட்டது. கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.